மஞ்சள் குழாய்

‘என் மவளுக்கு மூச்சு நீளம், மாப்ளே.’

எங்கள் கல்யாண விருந்தில் என் மாமனார் கஸ்பார் மைக்கைப் பிடித்துச் சொன்ன வார்த்தை இது. அதற்கப்புறம் இன்னொன்றும் சொன்னார். அதுதான் மறந்துவிட்டது. கேக் வெட்டுகிற கத்திக்கு ரிப்பன் கட்டவில்லை என்று போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துச் சத்தம் போட்டார், நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாண வீட்டில் என்ன சொல்வார்கள்? கண் கலங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றிருப்பார். இருபத்தொரு வருஷமாக நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இந்தப் பையை மேலே வைத்துவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் தம்பி. உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. கண்டக்டரும் கேட்டார், அடியில் டிக்கியில் போட்டுவிடலாமே என்று. மடியில்தான் இருக்கும். மதுரை வரைக்கும் மூன்று மணி நேரம், அங்கே பஸ் மாறி புதுச்சேரிக்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம். கால் மரத்துப்போகும். போகட்டும். கால் மரத்தால் தேய்த்துவிட்டுக்கொள்ளலாம். இதற்குள் இருப்பதற்கு ஒரு இடி பட்டால் உதிரிப் பாகம் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். ஆஸ்பத்திரி சாமானா, வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று கண்டக்டர் அக்கறையாக விசாரித்தார். என் வீட்டுக்காரி பக்கத்தில் இருந்திருந்தால் என்னைக் கை காட்டியிருப்பாள்.

இது ரெகுலேட்டர். கடலுக்கு அடியில் மூச்சு விடுகிற கருவி. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்குகிறார்களே, டிவியில் பார்த்திருப்பீர்கள். சிலிண்டரில் இருக்கிற காற்றை அப்படியே வாயில் விட்டால் கன்னம் பிய்ந்துவிடும். இதுதான் அந்தக் காற்றை அடக்கி, நாம் இழுக்கிற அளவுக்கு மட்டும் மரியாதையாகக் கொடுக்கும். பாருங்கள், கருப்புக் குழாய் ஒன்று, நம் வாய்க்கு. மஞ்சள் குழாய் ஒன்று, கூட வருகிறவருக்குக் காற்றுத் தீர்ந்துவிட்டால் அவருடைய வாய்க்கு. இல்லை, தொட வேண்டாம். பார்த்தால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் ஊரில் கடல் கிடையாது, தீப்பெட்டிதான். மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் வேலை. என்ன வேலை தெரியுமா? கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றுகிற ஆலையில் சூப்பர்வைசர். அங்கேதான் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தான். ஊரோடு வந்து நாலு வருஷமாகிறது. மனைவியின் ஊர் தூத்துக்குடி, மட்டக்கடைப் பக்கம் வீடு. கடல் பக்கத்தில் இருக்கட்டும் என்று நான்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். அவள் பிறந்த ஊர் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வேறு செலவே கிடையாது, தம்பி. குடி கிடையாது. சீட்டு கிடையாது. நிலம் வாங்கிப் போட்டு வேலி கட்டுகிற பைத்தியம் கிடையாது. ஒரே ஒரு பழக்கம், மூச்சு விடுவது. தண்ணீருக்கு அடியில் விடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் போய் வீட்டில் கணக்குக் கேட்பார்களா? கேட்டார்கள்.

சிலிண்டருக்குக் காற்று அடைக்க வேண்டும். ஊரில் சைக்கிள் கடைக்குச் சைக்கிள் கடை காற்று இருக்கிறது, ஆனால் இதற்கு ஆகாது. துறைமுகத்தில் கப்பலின் அடி வயிற்றைச் சுரண்டுகிற குழு ஒன்று இருக்கிறது, அவர்களிடம் சுத்தமான காற்று அடைக்கும் இயந்திரம் உண்டு. காற்றுக்கு ஒரு விலை, அவர்கள் மனசு வைப்பதற்கு ஒரு விலை. கொண்டுபோக ஆட்டோ பிடித்தால், சிலிண்டரைப் பார்த்ததும் டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, வண்டியையும் அணைத்துவிடுகிறார். அண்ணாச்சி, இது வெறும் காற்று என்றால், வெறும் காற்றுக்கா இத்தனை கனமான இரும்பு என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதனால் அதற்காகவே ஒரு கார்.

அப்புறம் ரப்பர் சட்டை. உடம்போடு ஒட்டிக்கொள்வது. எங்கள் கடலில் குளிரே இல்லையே, இது எதுக்கு அத்தான் என்று என் மச்சினன் கென்னடி கேட்பான். அவனுக்கு விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்தச் சட்டை நான் வாங்கியபோது சரியாக இருந்தது. இப்போது ஜிப் போட இரண்டு பேர் வேண்டும். உப்பு ஏறினால் ரப்பர் சுருங்கும். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

கென்னடியைச் சொன்னேன் இல்லையா, அவன் சங்கு குளிக்கிறவன். அவன் அப்பா கஸ்பாரும் அதேதான். அவனுடைய மொத்தச் சாமான் என்னவென்று கேளுங்கள். ஒரு முகக்கண்ணாடி. துடுப்பாகக் காலில் கட்ட இரண்டு அலுமினியத் தகடு. இடுப்பில் ஒரு வலைப்பை. மூன்றையும் விற்றால், என் கண்ணாடியில் ஆவி படியாமல் தடவுகிற மருந்தில் ஒரு புட்டி வாங்கலாம். அவன் மருந்து தடவுவதில்லை. துப்பித் தேய்ப்பான். வருஷப் பராமரிப்பு முடிந்தது. நான் வள்ளத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டி, வார் இழுத்து, காற்றைச் சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து எழுந்து நிற்பதற்குள் அவன் நாலு தரம் கீழே போய் வந்து சங்கைக் கொட்டிவிட்டு, ‘அத்தான், மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சுதா?’ என்பான். படிக்காதவன். சிரித்துவிட்டுப் போவேன்.

ஆனால் ஒன்று. வாங்குவது பெரிதே இல்லை, தம்பி. காசு இருக்கிற யாரும் வாங்கலாம். பராமரிப்பதில்தான் மனிதனின் குணம் தெரியும். கடலிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு தண்ணீர் இல்லை, மூன்று தண்ணீர். முதல் தண்ணீரில் அலசி, இரண்டாவதில் ஊறவைத்து, மூன்றாவதில் முக்கி எடுத்து, மூலைமுடுக்கெல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, ஜிப்புக்கு மெழுகு தடவி வைக்க வேண்டும். இந்தச் சாமான் வாங்கி ஏழு வருஷமாகிறது, ஒரு தடவைகூட நான் இதைத் தவறவிட்டதில்லை. என் சாமானைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரியில் பழுது பார்க்கிறவரே கேட்டார், சார் இதை உபயோகிக்கிறீர்களா, இல்லை பூசை செய்கிறீர்களா என்று.

கழுவுவது செலின். என் மனைவி பெயர் செலின். நான் மேற்பார்வை. முங்கிவிட்டு வந்தால் உடம்பு எப்படி அசந்துபோகும் என்று முங்காதவர்களுக்குத் தெரியாது. நாற்காலியில் சாய்ந்தபடி, செலின், அந்தப் பித்தானை அமுக்காதே, தண்ணீர் உள்ளே போய்விடும் என்று சொல்வேன். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜிப்புக்கு வெளிநாட்டு மெழுகு ஒரு குச்சி வாங்கிக் கொடுத்திருந்தேன். அது எப்போதோ தீர்ந்துவிட்டதாம். பெரிய கோயிலில் மாதா முன்னால் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை வாங்கிவந்து தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், இரண்டு வருஷமாக. போன மாசம்தான் தெரிந்தது. ஜிப் என்னவோ நன்றாகத்தான் ஓடியது.

தூத்துக்குடியில் நல்ல தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் நாள் விட்டு நாள், சில சமயம் வாரத்துக்கு ஒன்று. மிச்சம் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் லாரித் தண்ணீர் வாங்கி நீல டிரம்மில் நிரப்பி வைத்திருப்பேன். அது சாமானுக்கு மட்டும். ஒருநாள் செலின் தலைக்குக் குளித்துவிட்டு, முடியைச் சீப்பால் இழுத்துக்கொண்டே சொன்னாள்: ‘ஏங்க, என் தலைக்கு உப்புத் தண்ணி. உங்க ரப்பருக்கு நல்ல தண்ணி.’ அவ்வளவுதான் சொன்னாள். நான் உடனே ரப்பரின் மூலக்கூறு எப்படி, உப்புப் படிகம் அதை எப்படி அறுக்கும் என்று விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். விஷயத்தை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிற பெண்தான்.

மஸ்கட்டிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் கடலுக்குள் போவேன். அவள் கரையில் பாய் விரித்து, சாப்பாட்டு டப்பாவும் கார் சாவியும் என் செருப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு வருஷம். ஒருநாள் அலுத்துக்கொண்டதில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சிலருக்குக் கரைதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசி முதல் ஞாயிறு. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. கென்னடியின் வள்ளத்தில் போய், நாலு பாகம் ஆழத்தில் ஒரு பாரில் இறங்கினேன். பார் என்றால் கடலுக்கு அடியில் கல்லும் பவளமுமாக மேடுதட்டிக் கிடக்கிற இடம். நாலு பாகம் என்றால், இரண்டு மாடி உயரம் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு மேலே வந்து பார்க்கிறேன், மணிக்கட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கைக்கடிகாரம் மாதிரி இருக்கும், எவ்வளவு ஆழம், இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்று சொல்லும். விலையைச் சொன்னால் நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள், வேண்டாம். அதன் பட்டை அறுந்திருந்தது. கம்பெனிப் பட்டை நாலாயிரம் ரூபாய் என்றார்கள், ஒரு ரப்பர்த் துண்டுக்கு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்த்தேன். தூண்டில் நரம்பை வைத்துக் கட்டியிருந்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினேன். முறையாகத் தேடினேன். கயிறு போட்டுக் கட்டம் கட்டி, கட்டம் கட்டமாக. சிலிண்டர் ஆறு, வள்ளத்துக்கு டீசல், கென்னடிக்குச் சங்கு போன நஷ்டம். மூன்றாவது வாரம் கென்னடி சொன்னான், அத்தான், தொலைச்சதவிடத் தேடுனதுக்கு அதிகமாயிட்டு, விட்டுருங்க என்று. விட்டுவிட்டேன். ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. செலின் எதிரே உட்கார்ந்து, நான் பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை பத்திரம் பதிகிற வேலையாகக் கோவில்பட்டி போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செலின் தலை ஈரமாக இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் ஒரு எவர்சில்வர் டப்பா. திறந்து பாருங்கள் என்றாள். உள்ளே அரிசி. அரிசியைத் தள்ளினால் என் கம்ப்யூட்டர்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், உனக்கு எப்படி இருந்தது என்று. எனக்கு வயிறு எரிந்தது, தம்பி. மூன்று வாரத்துக்கு மேல் உப்பில் கிடந்த பொருள். அதை முதலில் நல்ல தண்ணீரில் போட வேண்டுமா, அரிசியில் போட வேண்டுமா? தொட்டிக்குள் விழுந்த செல்போனா இது? அதைத்தான் சொன்னேன். நல்ல தண்ணீரில் ஊறவைத்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இப்படியா என்றேன். டிரம்மில் முக்கினேன். ஓடியது. எண் தெரிந்தது. அதற்கப்புறம்தான், இது எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தாள்.

கென்னடிதான் சொன்னான். காலையில் நான் பஸ் ஏறியதும் அக்கா வந்து நின்றாளாம், வள்ளத்தை எடு என்று. இவன் மறுத்திருக்கிறான். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுடிதாரை முட்டிக்கு மேலே முடிந்து, இவன் கண்ணாடியை வாங்கிப் போட்டு, துப்பித் தேய்த்து, ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். நாற்பத்துநாலு வயசு. கடைசியாக முங்கியது கல்யாணத்துக்கு முந்தின வருஷம். முதல் தரம் பாதியில் வந்துவிட்டாளாம். இரண்டாவது தரம் தரையைத் தொட்டாளாம். ஐந்தாவது தரம் கையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கட்டம் கட்டின இடத்திலிருந்து பத்து அடி தள்ளி, ஒரு கல்லுக்கு அடியிலாம். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவர் எப்பவும் வலது பக்கமா சாய்ஞ்சுதான் நீந்துவார், கரையிலேருந்து பாத்திருக்கேன் என்றாளாம்.

‘ஆனா அத்தான், அத எடுத்தப்புறமும் அவ மேல ஏறல’ என்றான் கென்னடி. ‘இன்னொரு தரம், இன்னொரு தரம்னு முங்கிட்டே இருந்தா. நான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். அப்பா அன்னைக்கே சொன்னாவல்லா, மைக்கப் புடிச்சி. என் மவளுக்கு மூச்சு நீளம், மாப்ளே, அவளைக் கரையிலயே நிறுத்தி வச்சிராதீய-ன்னு. கூட்டமே சிரிச்சிச்சே. நீங்க எங்கேயோ பாத்துட்டு இருந்தீய.’

கத்திக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதோ அருப்புக்கோட்டை. டீ குடிக்க இறங்குவார்கள். நீங்கள் போய்க் குடித்துவிட்டு வாருங்கள், நான் பையோடு இருக்கிறேன். வரும்போது அந்தப் பெட்டிக்கடையில் ஒரு பல் துலக்கும் பிரஷ் மட்டும் வாங்கிவர முடியுமா? மிருதுவான ரகம். குழந்தைகளுக்கென்று விற்பார்களே, அது. இந்தாருங்கள் காசு.

நன்றி தம்பி. இதுதான். நல்ல மிருதுவாக இருக்கிறது.

எங்கே விட்டேன்? அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, நான் கடலுக்குக் கிளம்ப எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பியிருந்தேன். செலின் கோயிலில் பூசை முடிந்து வந்தவள், முக்காட்டுச் சேலையோடு அப்படியே பக்கத்தில் குந்தினாள். மஞ்சள் குழாயைத் தூக்கிப் பார்த்தாள்.

‘ஏங்க, இது யாருக்கு?’

ஏழு வருஷமாகப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தாலும் சொன்னேன். கூட வருகிறவருக்கு, அவசரத்துக்கு என்று.

‘ஏழு வருசத்துல யாராச்சும் வாயில வச்சிருக்காங்களா?’

இல்லை. நான் தனியாகத்தானே முங்குகிறேன். கென்னடி வள்ளத்தில் இருப்பான்.

‘எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. அவசரமில்லாம ஒரு தடவ கீழ இருந்து பாக்கணும். ஒரு மூச்சுல பாத்தது பத்தல.’

அவள் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை, தம்பி. நகை கேட்டதில்லை. அதனாலேயே நான் இதைச் சாதாரணமாக விட்டுவிடாமல் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பயிற்சி வேண்டும் என்றேன். தேர்ச்சி அட்டை வேண்டும் என்றேன். உன் அளவுக்குச் சட்டை, காலுக்குத் துடுப்பு, எடைப் பட்டை என்று இன்னொரு குடும்பச் செலவு என்றேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீ மூச்சை அடக்கிப் பழகினவள், இதில் மூச்சை அடக்கவே கூடாது, இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்றேன். இது உண்மை. நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எல்லாம் சொல்லி முடித்தேன். அவள் குழாயைச் சுருட்டி, எப்படிச் சுருட்ட வேண்டுமோ அப்படிச் சுருட்டி, என் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனாள். போய்ச் சட்டியில் எதையோ வதக்கினாள்.

அன்று கடலுக்குப் போய்விட்டு வந்து வழக்கம்போல் பையைக் கழுவுகிற திண்டில் வைத்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். சனிக்கிழமை மறுநாளைக்குத் தயார் பண்ணலாம் என்று எடுத்தால் பை திறந்தபடியே இருக்கிறது, நான் வைத்த மாதிரி. ஆறு நாள். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் படவில்லை. எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, நம் ஊர் உப்பளம் மாதிரி. சிலிண்டரில் மாட்டித் திறந்தேன். மஞ்சள் குழாய் சீற ஆரம்பித்துவிட்டது. நிறுத்தவே முடியவில்லை. யார் வாயிலும் இல்லாமல் தானாகக் காற்றைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலிண்டரை மூடித்தான் அடக்கினேன்.

செலினைக் கூப்பிட்டேன். கழுவவில்லையா என்றேன்.

‘தவக்காலம்லா’ என்றாள்.

தவக்காலம் என்றால் எங்களுக்கு நாற்பது நாள் ஒறுத்தல், தம்பி. ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். சிலர் கறியை விடுவார்கள், சிலர் டிவியை. செலின் வழக்கமாகக் காப்பியை விடுவாள். இந்தத் தடவை எதை விட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

‘உங்க சாமானைக் கழுவுறத.’

இதை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒறுத்தல் என்றால் நமக்குப் பிடித்த ஒன்றை விடுவது. பிடிக்காததை விட்டால் அது ஒறுத்தலே ஆகாது, பங்குச் சாமியாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். அப்படியானால் கழுவுவது அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதானே அர்த்தம்? நான் சொல்வது தர்க்கம். கென்னடியிடம் இதைச் சொன்னேன். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். அப்புறம் வேறு ஒன்று சொன்னான்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் வள்ளத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். நாலு பாகம் பார்த்தாயிற்று, ஏழு பாகத்துக்குப் போகலாம், அங்கேதான் அப்பா சங்கு எடுப்பார் என்றாளாம். ஏழு பாகம் கென்னடியே யோசித்து இறங்குகிற ஆழம். நான் கூட்டிட்டுப் போகலைன்னா அடுத்தவன் வள்ளத்துல போவா, என்ன செய்யட்டும் அத்தான் என்றான். அவன் அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை அலங்காரம் என்று கிண்டல் பண்ணுகிறவன்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட வாங்க என்கிறாள். இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கட்டுமா என்கிறாள். வைக்கட்டுமா என்று கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, கேட்காமல்தான் வைப்பாள். நேற்று நான் டிரம்மிலிருந்து ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்துக் குளியலறையில் வைத்தேன், தலைக்கு ஊற்றிக்கொள்ளட்டும் என்று. சாயங்காலம் பார்த்தால் வாளி திரும்ப டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் குறையவில்லை. முந்தின நாள் முடியை உலர்த்தினவள், நேற்று ஏன் குளிக்க வேண்டும்? அதுவும் சரிதான்.

புதுச்சேரியில் பழுது பார்க்கிறவருக்கு நேற்று போன் போட்டேன். மஞ்சள் சீறுகிறது என்றேன். ஒரு தடவைகூட உபயோகிக்காத வால்வு, உப்பும் ஏறிவிட்டால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும் என்றார். வருஷா வருஷம் இரண்டு குழாய்க்கும் சேர்த்து அவருக்குக் கூலி கொடுக்கிறேன், உதிரிப் பாகம் தனி. நான் தனியாகத்தானே முங்குகிறேன், மஞ்சளைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அடைக்கலாம், செலவில் பாதி மிச்சம்தான் என்றார். தனியாகப் போவதை விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்று ஒரு இலவச உபதேசமும் செய்தார். அவரும் என் மச்சினனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல.

அப்புறம், சும்மா தெரிந்துகொள்வதற்காக, இன்னொன்றும் கேட்டேன். இந்த மஞ்சள் குழாயின் நீளம் என் கைக்குச் சற்று அதிகம், ஒரு மீட்டர்கூட வராது. இதை இன்னொருவர் வாயில் வைத்தால் இரண்டு பேரும் கழுத்தோடு கழுத்து ஒட்டிக்கொண்டு, மாட்டு வண்டியில் பூட்டின மாதிரிதான் போக வேண்டும். அவசரத்துக்கு அது போதும். அவசரமில்லாமல் என்றால்? இரண்டு மீட்டரில் ஒன்று உண்டாம். குகைக்குள் போகிறவர்கள் போடுவதாம். அதைப் போட்டால் கூட வருகிறவர் தன் பாட்டுக்குத் தள்ளி நீந்தலாம், நின்று பார்க்கலாம், நமக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பதில்லை. விலையையும் சொன்னார். அதைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். முதலில் இடுப்பளவு தண்ணீரில், உட்கார்ந்த இடத்தில் மூச்சு விட்டுப் பழகட்டும், அடக்காமல் விடப் பழகுவதற்கே அவர்களுக்கு நாலைந்து நாள் ஆகும் என்றார். யார் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. யாருக்கு என்றும் அவர் கேட்கவில்லை. கழற்றுவதா, நீட்டுவதா, வந்து சேர்வதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

காலையில் நான் கிளம்பும்போது செலின் வாசல் வரைக்கும் வந்தாள். வழக்கமாக வருவதுதான். பையைத் தொட்டுப் பார்த்தாள். உப்பு விரலில் ஒட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, ‘பத்திரம்’ என்றாள். எனக்குச் சொன்னாளா, பைக்குச் சொன்னாளா, தெரியவில்லை.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது. நீங்கள் இறங்க வேண்டும், நானும் பஸ் மாற வேண்டும். கால் மரத்துவிட்டது பாருங்கள், எழுந்திருக்க முடியவில்லை. இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், தம்பி. அடியில் கை கொடுத்து. ஆமாம், அப்படித்தான்.

இரண்டு மீட்டர் போடச் சொல்லப்போகிறேன்.